இறுகிப்போன ரப்பர்



கடந்த சில வாரங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் என்னைத் தேடி வந்த சிலர், போதகர் வீட்டில் இல்லை என்று அறிந்து திரும்பியிருக்கிறீர்கள். நான் எங்கே போயிருந்தேன் என்பதை இந்த வாரச் சிந்தனையில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு பழைய மோட்டார் சைக்கிளைச் சீர்செய்யப் போனேன். போன இடத்தில் வண்டியின் பழுதோடு என் பழுதும் வெளிப்பட்டது.

என் தகப்பனார் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1991-ஆம் ஆண்டு ஒரு ஹீரோ ஹோண்டா சிடி 100 வாங்கினார். 1985-இல் அந்த வண்டி நம் நாட்டில் அறிமுகமானபோது, 97.2 சிசி கொள்ளளவுள்ள அதன் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு லிட்டர் பெட்ரோலில் ஓடிய தூரத்தைக் கண்டு நடுத்தரக் குடும்பங்கள் வியந்தன. அப்பா அதில்தான் பள்ளிக்குப் போனார். ஞாயிறு மாலைகளில் கிராமங்களுக்குப் பிரசங்கிக்கப் போனதும் அதில்தான். என்னைப் பின்னால் உட்காரவைத்து இறையியல் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைத்துச் சென்றதும் அதே வண்டிதான். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபின் ஆறு ஆண்டுகள் அது வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரையின் ஓரத்தில் நின்றது. சுவரைப் பார்த்திருந்த பக்கம் ஏறக்குறைய பழைய சிவப்பாகவே இருந்தது. மேற்கு வெயிலைப் பார்த்திருந்த பக்கமோ வெளிறி, சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிட்டது. ஒரே வண்டிக்கு இரண்டு வயது.

"ஒண்ணு ஓட்டு, இல்லேன்னா பழைய இரும்புக்குக் குடுத்துரு. இப்படி நிக்கதப் பாக்க முடியல" என்று அம்மா சொன்னார்கள். நான் ஓட்டுவதென்று தீர்மானித்தேன்.

தெருமுனைக் கடைப் பையன் பெட்ரோல் டாங்கைக் கழுவி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, புது ஸ்பார்க் பிளக் போட்டான். எஞ்சின் உயிர் பெற்றது. மீதியை நானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் வண்டி அப்பாவின் காலத்தில் இருந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பதே. முதலில் வெளுத்த பிளாஸ்டிக் பாகங்களில் தேங்காய் எண்ணெய் தடவினேன். நிறம் வந்தது, மறுநாளே தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. பிறகு கடையில் சிலிக்கோன் பாலிஷ் வாங்கிவந்து பூசினேன். கறுப்பு கறுப்பாயிற்று, சிவப்பு ஆழமாயிற்று. உற்சாக மிகுதியில் டயரிலும், சீட்டிலும், கால் வைக்கும் ரப்பரிலும்கூடப் பூசினேன். அந்த ஞாயிறு ஆலய வாசலில் வண்டியைக் கண்டவர்கள், "ஐயா, புதுசு மாதிரி இருக்கே!" என்றார்கள். அந்தச் சொல் எனக்கு இனித்தது. மூன்று வாரம் அதில் வலம் வந்தேன். என் மகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன்.

ஐப்பசி மழை வந்தது. இரண்டே மழையில் வண்டியின் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள் வடிந்து நின்றன. துடைப்பதற்காகப் பக்கக் கவரைக் கழற்ற முயன்றபோது, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் முளை 'டக்' என்று ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

இந்தப் பழைய வண்டிகளின் நரம்பறிந்தவர் நம் ஊரில் ஒருவர்தான் உண்டு. அவரை உங்களில் பலர் அறிவீர்கள். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். ஆகவே நாம் எல்லோரும் அழைப்பதுபோல் அண்ணாச்சி என்றே சொல்லுகிறேன்.

அவரிடம் போவதற்கு என் கால்கள் தயங்கின. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் ஆலய ஜெனரேட்டர் நின்றுபோயிற்று. அண்ணாச்சி இரவெல்லாம் விழித்திருந்து அதைச் சரிசெய்தார். தம்முடைய கூலிக்கு ஒரு காசும் கேட்கவில்லை. உதிரிபாகம் வாங்கிய பணத்தை மட்டும் கேட்டார். பின்னர் நடந்த கமிட்டிக் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்பாக, "ரசீது எங்கே அண்ணாச்சி? கணக்கு என்றால் கணக்குதானே?" என்று நான் கேட்டேன். அவர், "உங்க கையிலதான குடுத்தேன் ஐயா" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "என்னிடம் கொடுத்திருந்தால் இருக்குமே" என்றேன். அறையில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் ஒரு நேர்மையான மனிதனின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து அந்த ரசீது என் மேஜை இழுப்பறையில், நாட்குறிப்பின் பக்கங்களுக்கு நடுவே கிடைத்தது. அவருக்குச் சேரவேண்டிய பணத்தை உடனே கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் அவரைக் கண்டு, தோளில் கைபோட்டு, "மனசுல வச்சுக்காதீங்க அண்ணாச்சி" என்றேன். "சரிங்க ஐயா" என்றார். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த ஞாயிறு முதல் அவருடைய இடம் காலியாயிற்று. விசாரித்தவர்களிடம், "அவர் கொஞ்சம் தொட்டாற்சுருங்கி" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

ஒடிந்த முளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவருடைய பட்டறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்று, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பழைய காரியத்தைக் குறித்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். டயரின் மேல் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தார்.

"பாலிஷ் போட்டீங்களோ?"

"ஆமாம் அண்ணாச்சி."

"டயர்லயுமா? கால் ரப்பர்லயுமா? மழையில வழுக்கி விட்டுருமே ஐயா. டயர் பொறந்த தேதியப் பாத்தீங்களா?"

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பதிந்திருந்தது: 1812. அதாவது, 2012-ஆம் ஆண்டின் பதினெட்டாம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமல் இருந்தது உண்மைதான். ஆனால் அவர் டயரைச் சற்று அழுத்திக் காட்டியபோது, பக்கச் சுவரெங்கும் மெல்லிய வெடிப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன. பாலிஷ் அவற்றை நிரப்பி மூடியிருந்தது.

பிறகு முன் பிரேக் பிடியின் முனையிலிருந்து கேபிளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முறுக்கிய எஃகு இழைகளில் பெரும்பாலானவை அறுந்து சுருண்டு நின்றன. நான்கு இழைகள் மாத்திரம் பிடித்துக்கொண்டிருந்தன. "இதுலயா பிள்ளைய ஏத்திட்டுப் போனீங்க?" என்று கேட்டார். கடிந்துகொள்ளும் குரலில் அல்ல, மெதுவாகவே கேட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. மூன்று வாரமாக எல்லோரும் புதுசு என்று புகழ்ந்த வண்டி அது.

சுவர் உறுதியில்லாமல் இருக்கும்போது அதன்மேல் வெள்ளை பூசுகிறவர்களைக் குறித்து எசேக்கியேல் தீர்க்கதரிசி கடுமையாகப் பேசுகிறார். அந்தப் பகுதியை வைத்து இரண்டு முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்று பட்டறையில்தான் அது எனக்குப் பிரசங்கிக்கப்பட்டது.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் நான் அண்ணாச்சிக்குக் கையாளாக இருந்தேன். அவர் முதலில் தரையில் ஒரு சாக்கை விரித்து, பாகங்களை மூன்று கூறாகப் பிரித்தார். கழுவித் தேய்த்தால் மீள்பவை முதல் கூறு. ஒட்டிச் சேர்த்தால் மீள்பவை இரண்டாவது. மீளவே மீளாதவை மூன்றாவது. "இந்த மூணையும் குழப்பாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிரும் ஐயா" என்றார்.

வெளுத்த பக்கக் கவர்கள் முதல் கூறில் இருந்தன. அவை எப்போதோ வண்டி விழுந்து உடைந்தபின் அப்பா கடையில் வாங்கிப் போட்டவை. சிவப்பு நிறம் மேலே பூசியதல்ல, பிளாஸ்டிக்கிலேயே கலந்தது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த முனைகளைப் பற்றிக்கொள்கிறது. மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகி, விழும் ஒளியைச் சிதறடிக்கின்றன. அதுவே வெளுப்பாகத் தெரிகிறது. எண்ணெயோ பாலிஷோ அந்த வெடிப்புகளில் நிற்கும் வரையில் ஒளி சிதறுவதில்லை. மழை கழுவினால் மறுபடியும் வெளுப்புத் தோன்றும். ஆகவே செத்த தோலை நீக்குவதே வழி. சோப்புத் தண்ணீரில் கழுவி, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக மென்மையாகும் வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். முதல் படியில் கவர் முன்னிலும் அசிங்கமாயிற்று. நான் பதறினேன். "இப்ப அப்படித்தான் இருக்கும். இதுல நிறுத்தினாத்தான் கெட்டுப்போவும்" என்றார். கடைசியில் காம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்த்தபோது அடியிலிருந்த பழைய சிவப்பு மேலே வந்தது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சு ஒன்றையும் அதன்மேல் அடித்தோம். அது இல்லையென்றால் புதிய தோலும் வெயிலுக்கு இரையாகும்.

பின்விளக்கின் அடியிலிருந்த கறுப்புப் பாகத்துக்குச் சூடான காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாமே என்று கேட்டேன். இணையத்தில் அப்படி ஒரு காணொளி பார்த்திருந்தேன். உதவாத ஒரு பழைய துண்டை எடுத்து அவர் செய்துகாட்டினார். சாம்பல் நிறம் கண்ணெதிரே கருமையாக மாறியது. நான் வியந்தேன். அவர் கையை இன்னும் சில விநாடிகள் நகர்த்தாமல் பிடித்தார். அந்த இடம் இளகி வளைந்துபோயிற்று. பாலிப்ரோப்பிலீன் ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும்; அந்தத் துப்பாக்கியின் காற்றோ அதைவிடப் பலமடங்கு சூடாகக்கூடியது. "சூடு காட்டினா மேல மினுங்கும். ஆனா பிளாஸ்டிக்குக்குப் புதுசா ஒண்ணும் கிடைச்சுரல. ஒருமுறை, ரெண்டுமுறை சரி. திரும்பத் திரும்பக் காட்டினா நொறுங்கிப்போவும்" என்றார். களைத்துப்போன ஆத்துமாக்களைப் பிரசங்க பீடத்திலிருந்து சூடாக்கி மட்டும் அனுப்பிய ஞாயிறுகள் என் நினைவுக்கு வந்தன.

ஒடிந்த முளை இரண்டாவது கூறில் இருந்தது. கவர் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அறிய, உள்பக்கத்தில் அசிட்டோனை ஒரு சொட்டு வைத்தார். அந்த இடம் பிசுபிசுத்தது, ஆகவே ஏபிஎஸ். பாலிப்ரோப்பிலீன் என்றால் அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. வேறு வழிதான் தேட வேண்டும். அதே வகைப் பிளாஸ்டிக்கின் உடைந்த துண்டுகளை அசிட்டோனில் ஊறவைத்துக் கூழாக்கி, அந்தக் கூழால் முளையைப் பொருத்தினார். அது வெறும் பசை அல்ல. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்குகிறது. முழுவதும் இறுகும்வரை ஒருநாள் தொடக்கூடாது என்றார்.

ஒட்டி முடித்தபின் மகிழ்ச்சியோடு கவரை எடுத்து மாட்டப்போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மறுபடியும் ஒடியும் ஐயா. இது ஏன் ஒடிஞ்சதுன்னு பாத்தீங்களா?"

சட்டத்தில் அந்த முளை நுழைவதற்கு ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. அதைக் காட்டி, நகத்தால் அழுத்தச் சொன்னார். நகம் இறங்கவில்லை. கல்லைப்போல் இருந்தது. ரப்பரை வலுப்படுத்துவது கந்தகம். 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த விந்தை அது. ரப்பரின் இழைகளுக்கு இடையே கந்தகம் பாலம் கட்டுகிறது. அதனாலேயே அது இழுத்தால் நீண்டு விட்டால் திரும்புகிறது. ஆனால் எஞ்சின் சூட்டிலும் காற்றிலும் ஆண்டுகள் கழியக் கழிய, அந்த இணைப்புகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகுகின்றன. அப்போது ரப்பர் விட்டுக்கொடுக்கும் தன்மையை இழந்துவிடுகிறது.

"முளை ஒடிஞ்சது கண்ணுக்குத் தெரியுது. இறுகினது ரப்பரு. அது விட்டுக் குடுத்திருந்தா இது ஒடிஞ்சிருக்காது" என்றார் அண்ணாச்சி.

அவர் வண்டியைக் குறித்துத்தான் சொன்னார். வேறெதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் என்னால் பதில் பேச முடியவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒடிந்துபோனவரைக் குறித்தே நான் பேசிக்கொண்டிருந்தேன். தொட்டாற்சுருங்கி என்றேன், சபையை விட்டுப் பிரிந்தார் என்றேன். தாங்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு இறுகிப்போனவன் நான் என்பதை ஒருநாளும் நினைத்ததில்லை.

"இந்த ரப்பரை ஊறவைத்து இளக்க முடியாதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். மண்ணெண்ணெயில் போட்டால் ஊதிப் பெருக்கும், இளகியதுபோல் தோன்றும், பலம் போய்விடும் என்றார். இறுகிய ரப்பர் மூன்றாவது கூறு. அதை எடுத்துப்போட்டுப் புதிதுதான் வைக்க வேண்டும். டயர்கள், கேபிள், பெட்ரோல் குழாய், பிரேக் ஷூ ஆகியவையும் அந்தக் கூறிலேயே இருந்தன. பிரேக் டிரம்மிலிருந்த தூசியை நான் வாயால் ஊதப்போனபோதும் தடுத்தார். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டுமாம். உயிரைக் காக்கும் பாகங்களுக்கு மெருகேற்றிச் சமாளிக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். அப்படியே விட்டுவைத்தவையும் உண்டு. பெட்ரோல் டாங்கின் மேல், அப்பாவின் முழங்கால் பட்டுப் பட்டுப் பெயின்ட் தேய்ந்த இடத்தை அவர் தொடவில்லை. "இது பழுது இல்ல ஐயா. இது சாருடைய இடம்" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. காணிக்கை செலுத்த வருகிறவன், தன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போகும்படி ஆண்டவர் போதித்தார். அவனிடமே போகச் சொன்னார். போகிறபோக்கில் வாசலில் தோளைத் தட்டச் சொல்லவில்லை. "மனசுல வச்சுக்காதீங்க" என்ற என் வார்த்தை சிலிக்கோன் பாலிஷ் அல்லாமல் வேறென்ன? குற்றம் சுமத்தியது பத்துப்பேருக்கு முன்பாக. சமாதானம் சொன்னது ஒருவர் காதில். ரசீது கிடைத்ததென்பது இன்றுவரை அந்தப் பத்துப்பேருக்கும் தெரியாது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், கணக்குகளை எடுக்குமுன், நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ரசீதை மேஜைமேல் வைத்தேன். அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதும்படி செயலரைக் கேட்டுக்கொண்டேன். பேசும்போது என் குரல் நடுங்கியது. வாட்டர் பேப்பரின் முதல் தேய்ப்பில் கவர் முன்னிலும் அசிங்கமானதை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பட்டறைக்குப் போய், அந்தக் குறிப்பேட்டை அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். "தவறு என்னுடையது அண்ணாச்சி. உங்களை எல்லோருக்கும் முன்பாக அவமானப்படுத்தினேன். மன்னிக்க வேண்டும்" என்றேன். நெடுநேரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைகளை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்துக்கொண்டு, "அந்த ரசீதக் குடுங்க ஐயா" என்றார். வாங்கி, மடித்து, ஸ்பேனர் பெட்டியின் மேல்தட்டில் வைத்து மூடினார். பிறகு, "பின் பிரேக்க இன்னும் கொஞ்சம் டைட் வைக்கணும், வண்டிய இப்படித் தள்ளுங்க" என்றார்.

பிரியமானவர்களே, அடுத்த ஞாயிறே அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார் என்று எழுத எனக்கு ஆசைதான். சென்ற ஞாயிறும் அவருடைய இடம் காலியாகவே இருந்தது. ஒட்டிய முளையை உடனே இழுத்துப் பார்க்கக்கூடாது என்று அவரே எனக்குக் கற்பித்திருக்கிறார். வண்டி வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் சனிக்கிழமைகளில் நான் போகிறேன். ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார். தேநீர் வாங்கிவரச் சொல்லுகிறார். சென்ற வாரம், "அசனத்துக்கு முந்தியே ஜெனரேட்டர ஒருக்கா பாத்துரணும்லா ஐயா" என்று கேட்டார். எனக்கு அது போதும்.

இந்த வாரம் நம்முடைய உறவுகளையும் ஒரு சாக்கு விரித்து மூன்று கூறாக வைத்துப் பார்ப்போமா? கொஞ்சம் கழுவித் துடைத்தால் மீள்பவை இருக்கலாம். இரண்டு பக்கமும் சற்றுக் கரைந்தால் ஒன்றுசேர்பவை இருக்கலாம். ஒடிந்துபோன ஒருவரைக் குறித்து முறையிடுகிறவர்களாக நாம் இருந்தால், அவர் பொருந்தியிருந்த இடத்தில் நம் நகத்தை ஒருமுறை வைத்து அழுத்திப் பார்ப்போம். அங்கே கல்லைப்போல் ஏதேனும் தட்டுப்பட்டால், எண்ணெய் பூச வேண்டாம். புதிய இருதயத்தைத் தருகிறவரிடம் கேட்போம்.

ஜெபம்: அன்புள்ள பிதாவே, மேலே மினுக்கி உள்ளே இறுகிப்போன எங்களை மன்னியும். எங்களால் ஒடிந்துபோனவர்களிடம் போவதற்குத் தைரியத்தையும், அவர்கள் மீளும்வரை காத்திருக்கப் பொறுமையையும் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.